குளியலறையைப் புதுப்பிக்கும்போது குழாய் வேலையை நாமே செய்வது: மதுரைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இருந்த காலத்தில் வீட்டுக்காரர் குழாய் வேலையில் கை வைக்க முடியாது. மரை வெட்ட டை செட் வேண்டும், பைப் ரெஞ்சைப் பிடித்துத் திருக உடம்பில் வலு வேண்டும், சணல் சுற்றும் பக்குவமும் வேண்டும். சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாயான சிபிவிசி வந்தபின் நிலைமை மாறிவிட்டது. அளந்து வெட்டி, ஒட்டும் பேஸ்ட் தடவி, செருகிப் பிடித்தால் இணைப்பு முடிந்தது. நிதானமாக வேலை பார்க்கத் தெரிந்த யாரும் இதைப் பழகிக்கொள்ளலாம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. சுவருக்குள் போகும் குழாய் எந்த உயரத்தில், எவ்வளவு ஆழத்தில், என்ன அளவில் இருக்க வேண்டும் என்பதை டைல்ஸ் வருவதற்கு முன்பே சரியாக முடிவு செய்தாக வேண்டும். பூசி, டைல்ஸ் ஒட்டி, இடுக்கெல்லாம் அடைத்த பிறகு கசிவு தெரிந்தால் கொத்தனார் கூலி, டைல்ஸ், வாட்டர் புரூஃபிங் எல்லாமே இரண்டாம் முறை செலவு. அதனால் இங்கே அளவுகளுக்கும் சோதனைக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். மொட்டை மாடியில் தொட்டி, கீழே ஐந்துக்கு ஏழு அடியில் ஒரு குளியலறை என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

மாடித் தொட்டியிலிருந்து குழாய் வாய் வரை உள்ள லைன், அறைக்குள் இருக்கும் கழிவுக் குழாய், வாஷ்பேசின், கிளாசெட் (கழிப்பறைக் கோப்பை), ஷவர் பொருத்துவது: இவை எல்லாம் நீங்களே செய்யலாம்.

தெருவில் போகும் மாநகராட்சிக் குடிநீர்க் குழாயில் துளை போட்டு இணைப்பு எடுப்பதும், பாதாளச் சாக்கடையில் வீட்டு லைனைச் சேர்ப்பதும் அனுமதி வாங்கி உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. மாநகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதற்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் செய்யக்கூடாது. உறிஞ்சும்போது குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் சுற்றியுள்ள சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வரும். நிலத்தடித் தொட்டியில் தானாக விழவிட்டு, அங்கிருந்து மோட்டார் போட்டு மேலேற்றுவதே முறை.

கெய்சருக்கான மின்சாரம், எர்த்து, ஈஎல்சிபி (மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) எல்லாம் எலக்ட்ரீசியன் வேலை. செப்டிக் டேங்குக்குள்ளோ சாக்கடை ஆள்நுழைக் குழிக்குள்ளோ யாரும் இறங்கக்கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் நச்சு வாயு ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போவார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுத்தம் செய்ய ஆளை இறக்குவது குற்றமும்கூட. அடைப்பு எடுக்க வண்டியைக் கூப்பிடுங்கள்.

பழைய வீடு என்றால்

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் சேர்த்து ஒரே பொதுச் சுவர் இருக்கும். அந்தச் சுவரில் குழாய் பதிக்காதீர்கள். அங்கே கசிந்தால் ஈரம் அவர்கள் வீட்டில்தான் முதலில் தெரியும். சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால் உளி வைத்த இடத்தைத் தாண்டிப் பெயர்ந்து வரும். அதில் குழாய் பதிக்கக் காடி (பள்ளம்) வெட்டுவதைவிட, குழாயை வெளியே கிளாம்ப் போட்டுக் கொண்டுபோய், முன்னால் நாலரை அங்குலத்துக்கு ஒரு சின்னத் தடுப்புச் சுவர் எழுப்பி மறைப்பது பாதுகாப்பு.

ஜிஐ லைன் பாதி இருக்கட்டும், மீதியை மட்டும் மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஓடிய பழைய ஜிஐ குழாயை வெட்டிப் பார்த்தால் முக்கால் இஞ்ச் ஓட்டை விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். புதுக் குழாயைச் சேர்க்கத் தட்டினால் அந்தத் துரு உதிர்ந்து வந்து ஷவரையும், சூடும் பச்சையும் கலக்கும் மிக்சரையும் அடைக்கும். தவிர்க்கவே முடியாமல் ஜிஐயோடு சேர்க்க வேண்டி வந்தால் பித்தளை மரை உள்ள அடாப்டரைப் போட்டு, அந்த இணைப்பைச் சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள்.

உடைப்பதற்கு முன் மாடியில் அந்த லைனின் வால்வை மூடி, கீழே குழாயைத் திறந்து தண்ணீர் முழுதும் வடிய விடுங்கள். அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தையும் மெயினில் நிறுத்திவிடுங்கள். பழைய சுவருக்குள் ஒயர் எங்கே ஓடுகிறதென்று நம்பிச் சொல்ல ஆளிருக்காது.

தண்ணீர் என்ன வேகத்தில் வரும் என்று முதலில் கணக்குப் பாருங்கள்

பத்து மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரத்துத் தண்ணீர் நின்றால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். நம் வீட்டில் கூரை பத்தடி, அதன்மேல் மூன்றடி மேடையில் தொட்டி, ஷவர் தரையிலிருந்து ஏழடி என்றால் தொட்டியின் அடிக்கும் ஷவருக்கும் நடுவே ஆறு ஆறரை அடிதான் இருக்கிறது. கிடைப்பது 0.2 கிலோ. கடையில் பார்த்து ஆசைப்பட்ட பெரிய ரெயின் ஷவரோ, தண்ணீரைப் பல வழியில் திருப்பிவிடும் டைவர்ட்டரோ இதில் சொட்டத்தான் செய்யும். வாங்குவதற்கு முன் அட்டைப்பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருப்பதைப் படியுங்கள். ஒரு கிலோ வேண்டும் என்றிருந்தால் பிரஷர் பம்ப் இல்லாமல் அது உங்கள் வீட்டுக்கு ஆகாது.

அழுத்தம் குறைவு என்பதால்தான் குழாயின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. தொட்டியிலிருந்து ஒன்றேகால் இஞ்சில் கீழே இறக்குங்கள். குளியலறைக்குள் முக்கால் இஞ்ச் ஓடட்டும். ஒவ்வொரு குழாய் வாய்க்கும் போகும் கடைசித் துண்டு மட்டும் அரை இஞ்ச். அறை முழுக்க அரை இஞ்சிலேயே ஓட்டி முடித்துவிட்டால், ஒருவர் ஷவரில் நிற்கும்போது இன்னொருவர் பேசின் குழாயைத் திறந்த உடனே ஷவர் நின்றுபோகும்.

சுவரில் கோடு போடுங்கள்

எல்லா உயரமும் முடிந்த தரையிலிருந்து, அதாவது டைல்ஸ் மேல்முகத்திலிருந்து கணக்கு. இப்போது இருக்கும் கான்கிரீட் தரையிலிருந்து அளந்தவர்கள்தான் கடைசியில் கிளாசெட்டின் சின்னச் சுவர் வால்வான ஆங்கிள் காக்கைத் தரையோடு ஒட்டிப் பார்க்கிறார்கள். வாசல்படியில் முடிந்த தரை எங்கே வரும் என்று கொத்தனாரோடு பேசி முடிவு செய்து, தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் பிடித்து, அதிலிருந்து சரியாக ஒரு மீட்டர் மேலே நான்கு சுவரிலும் ஒரு கோடு அடியுங்கள். இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்து மேலேயோ கீழேயோ எடுத்தால் போதும்.

நம் வீடுகளில் வழக்கமாக வைக்கும் உயரங்கள் இவை. வாளிக் குழாய் 24 அங்குலம். வாளியும் ஷவரும் சேர்ந்த வால் மிக்சர் 30 முதல் 33. சுவருக்குள் மறையும் கன்சீல்டு டைவர்ட்டர் என்றால் அது 40 முதல் 42, அதன் ஸ்பவுட் (தண்ணீர் விழும் வாய்) 24 முதல் 26. ஷவர் ஆர்ம் 80 முதல் 84. வீட்டில் உயரமானவர் இருந்தால் 84. வாஷ்பேசின் மேல்விளிம்பு 32, அதன் ஆங்கிள் காக் 22, கழிவு வாய் 18. கிளாசெட் சிஸ்டர்னுக்கு (ஃப்ளஷ் தொட்டிக்கு) 8 முதல் 10, ஹெல்த் ஃபாசெட்டுக்கு (கழுவும் கைக்குழாய்க்கு) 12. கெய்சர் பாயின்ட்டுகள் ஆறடிக்கு மேல். வாஷிங் மெஷின் குழாய் 42.

வால் மிக்சருக்குச் சூடு இடது, பச்சைத் தண்ணீர் வலது. இரண்டு பித்தளை வாயின் மையத்துக்கும் நடுவே 150 மில்லிமீட்டர், ஆறு அங்குலம். இரண்டும் ஒரே ரசமட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு வாய் ஐந்து மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் மிக்சர் கால்களைத் திருப்பிச் சமாளிக்கலாம். ஒரு அங்குலம் இறங்கினால் சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

கிளாசெட்டை முதலில் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு அதன்பின் துளை போடுங்கள். தரையில் கழிவு போகும் எஸ் டிராப் கிளாசெட்டில், முடிந்த சுவரிலிருந்து கழிவு வாயின் மையம் 225 அல்லது 300 மில்லிமீட்டர் என்று மாடலுக்கு மாடல் மாறும். சுவரில் போகும் பி டிராப் என்றால் மையம் முடிந்த தரையிலிருந்து பெரும்பாலும் 180 மில்லிமீட்டர். துளையைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனால், பிடித்த கிளாசெட் எதுவும் பொருந்தாது.

இதைப் போலவே சுவரின் முடிந்த முகமும் முக்கியம். செங்கல் முகத்தின்மேல் பூச்சு அரை அங்குலம், ஒட்டுப்பசையும் டைல்ஸும் அரை அங்குலம், ஆக ஒரு அங்குலம் வரும். பசை இல்லாமல் சிமெண்டிலேயே ஒட்டினால் இன்னும் கால் அங்குலம் கூடும். ஊகிக்க வேண்டாம். சுவரின் நான்கு மூலையிலும் ஒரு டைல்ஸ் துண்டை இறுதி மட்டத்தில் ஒட்டி வைக்கச் சொல்லி, அதன்மேல் நூல் பிடியுங்கள். பித்தளை எல்போவின் (வளைவு இணைப்பின்) வாய் அந்த நூலைத் தொட வேண்டும், அல்லது இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே இருக்கலாம். வெளியே துருத்தினால் குழாயின் வட்டத் தகடு டைல்ஸில் உட்காராது. ரொம்ப உள்ளே போனால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டு நீட்டலாம். ஆனால் ஒவ்வொரு நிப்பிளும் சுவருக்குள் கசியக்கூடிய இன்னொரு மரை.

வாங்க வேண்டியவை

சூடு, பச்சை இரண்டுக்கும் சிபிவிசியே போடுங்கள். ஐஎஸ் 15778 முத்திரை பார்த்து வாங்குங்கள். சூடான லைனுக்கு எஸ்டிஆர் 11 (வெளிவிட்டம் குழாய்ச் சுவரின் கனத்தைப்போல் 11 மடங்கு) வகைதான். 82 டிகிரி சூட்டில்கூட ஏழு கிலோ அழுத்தம் தாங்கும். வெள்ளை யுபிவிசி விலை குறைவு, ஆனால் 45 டிகிரிக்கு மேல் அதற்கு வேலை இல்லை. கெய்சர் லைனில் போட்டால் இளகித் தொங்கும்.

மேலே சொன்ன அறைக்குப் பச்சைத் தண்ணீர் ஆறு இடம் (சிஸ்டர்ன், ஹெல்த் ஃபாசெட், பேசின், வாளிக் குழாய், மிக்சர், கெய்சர் உள்வழி), சூடு இரண்டு இடம் (கெய்சர் வெளிவழி, மிக்சர்). இதற்கு மூன்று மீட்டர் நீளமுள்ள முக்கால் இஞ்ச் குழாய் இரண்டு, அரை இஞ்ச் நான்கு, முக்காலுக்கு அரை ரெடியூசிங் டீ (முக்காலிலிருந்து அரை பிரியும் இணைப்பு) ஐந்து, முக்கால் எல்போ ஆறு, அரை எல்போ பத்து, அரை இஞ்ச் பித்தளை மரை எல்போ எட்டு, அரை இஞ்ச் எண்ட் பிளக் எட்டு, முக்கால் கன்சீல்டு வால்வு ஒன்று, 118 மில்லி சிபிவிசி பேஸ்ட் டப்பா ஒன்று, டெஃப்லான் டேப் ஐந்து சுருள் போதும். எல்போவும் கப்ளரும் நான்கைந்து கூடவே வாங்கி, மிஞ்சியதைத் திருப்பித் தருவதாகக் கடையில் முன்பே பேசிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு எல்போ குறைந்தால் அன்றைய வேலை அதோடு நிற்கும்.

பேஸ்ட் விஷயத்தில் கவனம். சிபிவிசிக்கு உரியதும் யுபிவிசிக்கு உரியதும் வேறு வேறு. யுபிவிசி பேஸ்டில் சிபிவிசியை ஒட்டினால் அன்றைக்குப் பிடித்ததுபோலத் தெரியும், கெய்சர் ஓடத் தொடங்கியபின் இணைப்பு விட்டுப்போகும். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். திறந்து பார்க்கும்போது தேன் போல வழியாமல் கட்டி கட்டியாக இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

காடி வெட்டுவது

நெடுக்காக வெட்டும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஒன்பது அங்குலச் சுவரில் கிடைமட்டமாக ஒன்றரை அங்குலம் வரை போகலாம், முக்கால் இஞ்ச் குழாய் தாராளமாக அடங்கும். நாலரை அங்குலச் சுவரில் முக்கால் அங்குலம்தான் அனுமதி. முக்கால் இஞ்ச் சிபிவிசியின் வெளிவிட்டமே 22 மில்லிமீட்டர். ஆகவே நாலரைச் சுவரில் கிடைமட்டக் காடியே வேண்டாம். தரையோரம் ஓட்டி, ஒவ்வொரு இடத்திலும் நெடுக்காக மேலேற்றுங்கள். தூண், பீம், லிண்டலில் கட்டிங் மெஷினே படக்கூடாது. கம்பி வெட்டுப்பட்டால் குழாய் வேலை கட்டட வேலையாகிவிடும்.

மெஷினில் இரண்டு கோடு அறுத்துவிட்டு நடுவில் உளியால் தட்டினால் சுவர் அதிராது. கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம்.

கழிவுக் குழாய் முதலில்

தண்ணீர்க் குழாயை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம். கழிவுக்கு வாட்டம் (சரிவு) வேண்டும், அதில் பேரம் கிடையாது. அதனால் தரைக்குள் கழிவு லைனை முதலில் முடித்துவிட்டு மற்றதை அதற்கேற்ப வையுங்கள்.

கிளாசெட்டுக்கு 110 மில்லிமீட்டர் எஸ்டபிள்யுஆர் (கழிவுக்கும் மழைநீருக்குமான பிவிசி) குழாய், குளிக்கும் தண்ணீருக்கும் பேசினுக்கும் 75. இரண்டிலும் டைப் பி வாங்குங்கள். டைப் ஏ காற்றுக் குழாய்க்கும் மழைநீருக்கும் உரியது. வாட்டம் 110க்கு அறுபதுக்கு ஒன்று, 75க்கு நாற்பதுக்கு ஒன்று. மூன்று மீட்டர் ஓட்டத்தில் முறையே 50 மில்லிமீட்டரும் 75 மில்லிமீட்டரும் இறங்க வேண்டும். அறையின் தரை அதற்கு இடம் கொடுக்குமா என்று இப்போதே பாருங்கள். கொடுக்காவிட்டால் தரையை உயர்த்துங்கள், வாட்டத்தைக் குறைக்காதீர்கள்.

ரப்பர் வளையம் உள்ள இணைப்பில் சோப்புத் தண்ணீரோ அதற்கான லூப்ரிகன்டோ தடவுங்கள். எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும். குழாயை முழுதும் தள்ளி, பென்சிலால் கோடு போட்டு, பத்து மில்லிமீட்டர் வெளியே இழுத்து விடுங்கள். சூட்டில் நீள்வதற்கு அந்த இடம் வேண்டும். திரும்பும் இடத்தில் 90 டிகிரி பெண்டுக்குப் பதில் இரண்டு 45 போட்டால் அடைப்பு குறையும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கதவு உள்ள டோர் பெண்ட் வைத்து, அந்தக் கதவைத் திறக்க முடிகிற பக்கமாகத் திருப்பி வையுங்கள். கதவு சுவரைப் பார்த்து இருந்தால் அதைப் போட்டதில் பயனில்லை.

தரையில் ஜாலிக்குக் கீழே வைக்கும் கிண்ணமான நஹானி டிராப்பில் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. கழிவு இறங்கும் குழாயை மொட்டை மாடிக்கு மேல் நீட்டி, காற்றுப் போகக் கௌல் (துளையுள்ள மூடி) மாட்டாவிட்டால் கிளாசெட் தண்ணீர் இறங்கும் வேகத்தில் டிராப் தண்ணீரையும் உறிஞ்சி இழுத்துவிடும். பிறகு எவ்வளவு ஃபினாயில் ஊற்றினாலும் நாற்றம் போகாது. மழைநீர்க் குழாயை இதோடு சேர்க்கவே கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடி மழைத் தண்ணீர் தனியாகச் சேகரிப்புக் குழிக்குப் போகட்டும்.

முடிந்ததும் கடைசி வாயை அடைத்து, தரை மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, கோடு போட்டு, ஒரு இரவு விடுங்கள். கோடு இறங்கவில்லை என்றால்தான் மேலே மண்ணும் கான்கிரீட்டும்.

சிபிவிசி இணைப்பு

முதலில் பேஸ்ட் இல்லாமல் முழு லைனையும் கோர்த்துப் பாருங்கள். எல்போ எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று குழாயிலும் எல்போவிலும் சேர்ந்தாற்போல் மார்க்கர் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டியபின் திருப்ப முடியாது.

குழாயைக் கட்டரால் நேராக வெட்டுங்கள். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் முனை சாயும், பிசிறும் வரும். பிசிறைக் கத்தியால் உள்ளும் வெளியும் சுரண்டி, வெளிவிளிம்பை லேசாகச் சாய்வாக எடுங்கள். கூரான விளிம்பு, தடவிய பேஸ்டையெல்லாம் வழித்து உள்ளே தள்ளிவிடும். இணைப்பு வறண்டு, கசியும். பேஸ்ட் இல்லாமல் செருகும்போது ஃபிட்டிங்கின் வாயான சாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் இறுக வேண்டும். தொளதொளவென்று அடிவரை போனால் அந்த ஃபிட்டிங் வேண்டாம்.

இரண்டையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். குழாயின் வெளியே தாராளமாக, சாக்கெட்டின் உள்ளே மெல்லியதாகப் பேஸ்ட் தடவுங்கள். சாக்கெட்டில் அதிகம் தடவினால் உள்ளே தேங்கிக் குழாயையே அடைக்கும், மெலியவும் வைக்கும். உடனே செருகி, செருகும்போதே கால் சுற்றுத் திருப்பி, அடிவரை தள்ளி, பத்துப் பதினைந்து விநாடி விடாமல் பிடியுங்கள். விட்டால் குழாய் மெல்ல வெளியே வரப் பார்க்கும். சுற்றிலும் ஒரே சீராகப் பேஸ்ட் வளையம் தெரிந்தால் இணைப்பு நல்லது. ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மேலே பூசி ஒப்பேற்றுவது நிற்காது.

சித்திரை, வைகாசி வெயிலில் பேஸ்ட் தடவிய சில விநாடியிலேயே காய்ந்துவிடும். குழாயையும் டப்பாவையும் நிழலில் வையுங்கள். மாடி வேலையைக் காலையில் முடியுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் டப்பாவை மூடித் திறங்கள். அறைக்குள் ஒட்டும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம்.

சிபிவிசி மரையில் டெஃப்லான் டேப் மட்டும். மரை திரும்பும் திசையிலேயே பத்துப் பன்னிரண்டு சுற்று. சணல் சுற்றி வெள்ளை பூசும் பழைய வழக்கம் இரும்புக்குச் சரி. பிளாஸ்டிக்கில் சணல் தண்ணீரில் ஊதி மரையைப் பிளந்துவிடும். கையால் இறுக்கி, அதன்மேல் ஸ்பேனரில் ஒன்று ஒன்றரைச் சுற்று போதும்.

அழுத்தச் சோதனை

இதை விட்டுவிட்டால் மேலே செய்த எதற்கும் உத்தரவாதம் இல்லை. கடைசி இணைப்பு முடிந்து 24 மணி நேரம் கழியட்டும். எல்லா வாயிலும் எண்ட் பிளக் போடுங்கள். சூடு லைனும் பச்சை லைனும் கெய்சர் பாயின்ட்டில் தனித்தனியாக நிற்கும். அவற்றை ஒரு ஹோஸால் இணைத்தால் இரண்டையும் ஒரே தடவையில் சோதிக்கலாம். ஹோஸ் பத்து கிலோ தாங்குவதாக இருக்கட்டும். கன்சீல்டு வால்வு திறந்திருக்க வேண்டும். மாடித் தொட்டி லைனை முழுதுமாகப் பிரித்து அடைத்துவிடுங்கள். வால்வை மூடிவிட்டு நம்பினால் அது லேசாக விட்டு, கசிவு எங்கே என்று குழப்பும்.

கையால் அடிக்கும் டெஸ்ட் பம்ப் வாடகைக்குக் கிடைக்கும். மெல்லத் தண்ணீர் ஏற்றி, உச்சியில் இருக்கும் வாயைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, பிறகு இறுக்குங்கள். காற்று மிச்சமிருந்தால் முள் தானாக இறங்கி, கசிவு இருப்பதுபோலக் காட்டும். பத்து கிலோவுக்கு ஏற்றி ஒரு மணி நேரம் பாருங்கள். முள் அசையக்கூடாது. இறங்கினால் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். ஈரம் உடனே தெரியும். கம்ப்ரஸர் காற்று வைத்துச் சோதிக்கவே கூடாது. பிளாஸ்டிக் வெடித்துச் சிதறும்.

தேறியதும், சுவர் மூடுமுன் அளவு டேப்பைச் சுவரில் பிடித்து ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுங்கள். மூலையிலிருந்து குழாய் எத்தனை அங்குலத்தில் போகிறது என்பது படத்தில் படிக்கும்படி இருக்கட்டும். நாளைக்குக் கண்ணாடியோ டவல் கம்பியோ மாட்டத் துளையிடுபவருக்கு அந்தப் படம்தான் வழி.

காடியை மூடும்போது குழாய்மேல் கோழி வலையை ஆணியடித்துப் பூசச் சொல்லுங்கள், அப்போதுதான் பூச்சு வெடிக்காது. பூசி டைல்ஸ் ஒட்டி முடியும்வரை லைன் நிறையத் தண்ணீர் நிற்கும்படியே வையுங்கள். யாராவது ஆணியைக் குழாயில் இறக்கினால் அந்த நொடியே தெரிந்துவிடும். தரையில் வாட்டர் புரூஃபிங் பூசியபின் இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்துப் பார்த்த பிறகே டைல்ஸ்.

மாடி லைன்

தொட்டியின் வெளிவழியில் பால் வால்வும் (கால் சுற்றில் மூடுவது), அதற்கடுத்துக் கழற்றி மாட்டும் இணைப்பான யூனியனும், அதற்கும் அடுத்து ஒரு டீ வைத்துத் தொட்டியின் உச்சியைத் தாண்டி நிற்கும் காற்றுக் குழாயும் வேண்டும். காற்றுக் குழாய் இல்லாத வீட்டில், தொட்டி ஒருதரம் காலியாகி நிரம்பினால் தண்ணீர் திக்கித் திக்கித்தான் வரும்.

பத்து மீட்டர் சிபிவிசி, முப்பது டிகிரி சூடேறினால் 18, 19 மில்லிமீட்டர் நீளும். நம் மொட்டை மாடியில் அது தினசரி நடப்பது. கிளாம்ப்பை மூன்றடிக்கு ஒன்று போடுங்கள்; ஆனால் குழாய் உள்ளே நகரும்படி தளர்வாக. நீண்ட ஓட்டத்தில் இரண்டு எல்போ வைத்து ஒரு வளைவு கொடுங்கள். வெளியே தெரியும் குழாய் முழுதும் வெள்ளை எமல்ஷன் அடியுங்கள். ஆயில் பெயிண்ட் வேண்டாம், அதன் கரைப்பான் சிபிவிசிக்குப் பகை.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் மண்ணில் குழாய் புதைப்பவர்கள் இதோடு இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கரிசல் மழையில் ஊதும், கோடையில் பிளக்கும். நேராகப் புதைத்த குழாயை ஆண்டுக்கு ஆண்டு பிடித்து இழுக்கும். பள்ளத்தை அகலமாக எடுத்து, குழாயின் அடியிலும் பக்கத்திலும் மேலும் ஆறங்குலம் மணல் போட்டு மூடுங்கள். சுவருக்குள் நுழையும் இடத்தில் பெரிய குழாய்த் துண்டு ஒன்றை உறையாக வையுங்கள்.

ஃபிட்டிங்ஸ் மாட்டும்போது

முதலில் எல்லா வாயையும் திறந்து ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். வெட்டிய தூள், மணல், சிமெண்ட் எல்லாம் வெளியே போகட்டும். இதைச் செய்யாமல் மாட்டிய புது மிக்சர் அன்றைக்கே உள்ளுக்குள் கீறல் விழுந்து சொட்டத் தொடங்கும்.

கெய்சரின் இரு வழியிலும் பிளாஸ்டிக்கை நேராக மாட்டாமல், ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுங்கள். உள்வழியில் கெய்சரோடு வந்த சேஃப்டி வால்வை மாட்டி, அதன் சொட்டுவாய் திறந்தே இருக்க விடுங்கள். சொட்டுகிறதே என்று அதை அடைத்தால் டாங்க் வெடிக்கும் அபாயம் உண்டு.

போர் தண்ணீர் வீடுகளுக்கு

மதுரையிலும் சுற்றிலும் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. வைகைத் தண்ணீர் வருகிற வீட்டில்கூடக் குளிக்க, துவைக்க ஓடுவது போர் தண்ணீர்தான். அதனால் வால்வு வாங்கும்போதே கேட் வால்வைத் தவிர்த்துப் பால் வால்வு வாங்குங்கள். கேட் வால்வின் மரையில் உப்புப் படிந்து, அவசரத்துக்கு மூடப் போகும்போது கைப்பிடி கழன்று வரும். பால் வால்வையும் மாதம் ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். ஆங்கிள் காக்குகளுக்கும் இதே கணக்கு. தொட்டி வெளிவழியில் வலை ஃபில்டர் ஒன்று மாட்டினால் மணல் நிற்கும், ஆனால் கரைந்த உப்பை அது நிறுத்தாது. ஷவர் தலையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, வினிகரில் ஒரு இரவு ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் துளைகள் திறக்கும். குழாய் வாயில் இருக்கும் சின்ன வலைக்கும் அப்படியே. கெய்சர் தண்ணீர் சூடாக வழக்கத்தைவிட நேரம் எடுத்தால், அல்லது உள்ளே கடமுடவென்று சத்தம் வந்தால், காயிலில் உப்பு ஏறியிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.